கணிதம் கற்போனும் கேள்வி கேட்கும் முறையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணிதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். கணிதம் என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கில் இருக்கும் தம்பிமார் சிலர் வாசலைப் பார்ப்பது தெரிகிறது. அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்ட விஷயம் கணக்குச் செய்யும் முறையன்று. கணக்கிலே ஐயம் தோன்றினால் அதனை மற்றொருவரிடம் எப்படிக் கேட்பது என்பதே. மிசன் பாடசாலையிற் படித்து, இப்பொழுது சர்வகலாசாலையிற் கணிதம் பயிலும் ஒருவன் என்ற அளவிலேதான் இதைச் சொல்ல வந்திருக்கிறேன். பெரியோர்கள் பிழையிருப்பின் திருத்துவார்களாக.

தமிழிலே 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. செவியாற் கேட்பதும் கேட்டல். ஐயத்தை வினவுவதும் கேட்டல். திருக்குறளிலே 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். அங்கே கேள்வி என்பது அறிஞர் சொல்வதைச் செவிமடுத்தலையே குறிக்கின்றது. இரண்டு செயலுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நன்றாகச் செவிமடுப்பவனே நன்றாக வினவுவான். நன்றாக வினவியவனுக்கே நல்ல விடை செவியில் விழும்.

இனி நமது நிலையைப் பார்ப்போம். வகுப்பிலே ஆசிரியர் கரும்பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பி, "விளங்கினதோ?" என்று கேட்கிறார். "ஓம் சேர்" என்று நாற்பது குரல்கள் ஒன்றாய் எழுகின்றன. அந்த நாற்பதிலே முப்பது பேருக்கு விளங்கவில்லை என்பதை ஆசிரியரும் அறிவார், பிள்ளைகளும் அறிவார்கள். மாலையில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருந்து படிக்கும் ரியூசன் வகுப்பிலோ கேட்பதற்கு இடமே இல்லை. வீட்டுக்குப் போனால் தாய் தந்தையர், "எங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது மகன்" என்கிறார்கள். இவ்வாறு கேட்கப்படாத கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டு, ஒரு நாள் "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவாகிவிடுகின்றன. கணக்கு வராதவர் என்று சொல்லப்படுபவர்களிற் பலர், உரிய நேரத்திலே ஒரு கேள்வி கேட்க முடியாமற் போனவர்களே என்பது எனது அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். கிராமத்துப் பாடசாலை ஒன்றிலே சிறுமி ஒருத்தி, "மறை எண்ணை மறை எண்ணாற் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது?" என்று கேட்டாள். "சட்டம் அப்படி. பாடமாக்கு" என்று மறுமொழி வந்தது. வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பின் கணித பாடத்தில் வாய் திறக்கவில்லை. உயர்தர வகுப்புக்கு வந்ததும் கலைப் பிரிவைத் தெரிந்தெடுத்தாள். கலைப் பிரிவு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. ஆனால் விரும்பி ஒன்றைத் தெரிவதும் வேறொன்றுக்கு அஞ்சி அதனைத் தெரிவதும் ஒன்றாகா. அவள் கேட்டதோ நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல ஐந்து நிமிடமும் வேண்டாம். எந்த எண்ணையும் பூச்சியத்தாற் பெருக்கினால் பூச்சியம். பூச்சியத்தை 1 உம் −1 உம் சேர்ந்த கூட்டுத்தொகையாக எழுதலாம். ஆகவே −1 ஐ 1 ஆற் பெருக்கி வருவதையும், −1 ஐ −1 ஆற் பெருக்கி வருவதையும் கூட்டினாற் பூச்சியம் வரவேண்டும். முதலாவது −1. அதனோடு சேர்ந்து பூச்சியமாக வேண்டுமானால் இரண்டாவது 1 ஆகத்தான் இருக்கவேண்டும். இவ்வளவே.

கேள்வி நன்கு வரவேற்கப்படுவதற்குக் கேட்பவன் செய்ய வேண்டியது என்ன, கேட்கப்படுபவர் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இதற்குச் சரித்திரத்திலே சிறந்த சாட்சியாக இருப்பவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதம் ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தியதனாற் கல்லூரிப் பரீட்சைகளிலே சித்தியெய்தாதவர். 1912இற் சென்னைத் துறைமுகக் கந்தோரிலே கணக்குப் பகுதியில் இலிகிதராக அமர்ந்தார். அவருடைய கொப்பிகளிலே நூற்றுக்கணக்கான தேற்றங்கள் நிறைந்திருந்தன. அவற்றை மதிப்பிட வல்லவர் அருகில் இல்லை. ஆகவே இங்கிலாந்திலுள்ள அறிஞர்களுக்கு எழுதுவதென்று முடிவாயிற்று.

முதலில் அவருடைய வேலையின் மாதிரிகள் இலண்டனிலே பேராசிரியர் ஹில் என்பவருக்கு அனுப்பப்பட்டன. எல்லையின்றிப் பெருகும் தொடர்களிலே இளைஞர் வழுக்கி விழுந்திருக்கிறார் என்று ஹில் மறுமொழி எழுதி, இன்ன நூலைப் படிக்கட்டும் என்று வழியும் காட்டினார். அது பயனற்ற மறுமொழியன்று. ஆனால் இராமானுஜனை விளங்கிக்கொண்ட மறுமொழியுமன்று. பின்னர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே பேக்கர், ஹொப்சன் என்னும் இரு பெரும் பேராசிரியர்களுக்கு எழுதினார். அவர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. மூன்றாமவராக அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹார்டிக்கு 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே உலகை மாற்றியது.

அந்தக் கடிதத்தை நாம் மாணவர் கண்ணோடு ஆராய்தல் வேண்டும். தாம் யார் என்பதை அவர் முதலிலேயே மறைக்காமற் சொன்னார். துறைமுகக் கந்தோரில் ஆண்டுக்கு 20 பவுண் சம்பளம் பெறும் இலிகிதர், சர்வகலாசாலைக் கல்வி இல்லாதவர், பள்ளிப் படிப்புக்குப் பின் ஓய்வு நேரத்தில் கணிதம் செய்பவர் என்று எழுதினார். இதிலே தாழ்வும் இல்லை, உயர்த்திக் கூறலும் இல்லை. தமது நிலை எது என்று தெரிவித்தாற்றான் மறுமொழி எழுதுபவர் எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று அறிவார்.

அடுத்து, அவர் யாருக்கு எழுதுகிறாரோ அவருடைய எழுத்தைப் படித்துவிட்டு எழுதினார். 1910இல் ஹார்டி வெளியிட்ட சிறு நூலொன்றைக் கையில் எடுத்து, கொடுத்த ஓர் எண்ணுக்குட்பட்ட முதன்மை எண்கள் எத்தனை என்பது பற்றி இன்ன பக்கத்திலே இன்னவாறு கூறியிருக்கிறீர்கள், அதன் சம்பந்தமாக எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது என்று தொடங்கினார். ஊரெல்லாம் சுற்றிய பொதுக் கடிதமாக இல்லாமல், அந்த ஒருவருக்கே உரிய கடிதமாக அது இருந்தது.

மூன்றாவதாக, அவர் வெறுமனே "நான் பெரிய கண்டுபிடிப்புகள் செய்திருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்தவில்லை. தேற்றங்களையே பக்கம் பக்கமாக எழுதி இணைத்தார். ஏறக்குறைய 120 தேற்றங்கள். அவை ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று சோதிக்கத் தக்கவை. ஹார்டியும் அவருடைய நண்பர் லிற்றில்வூட்டும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் இருந்து அவற்றைப் பரிசீலித்தார்கள். சில முன்பே தெரிந்தவை. சில முயன்றால் நிறுவக்கூடியவை. சில எங்கிருந்து வந்தன என்றே தெரியாதவை. இவற்றை எழுதியவர் முதற்றரமான கணித வல்லுநர் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

சகோதரர்களே, இதிலே கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. கடிதத்தின் வாயிலிலே இராமானுஜன் வைத்த அந்த முதன்மை எண் விஷயம் அவர் நினைத்த அளவுக்குச் சரியானதன்று என்று பின்னர் தெரியவந்தது. அப்படியிருந்தும் கடிதம் தோற்கவில்லை. ஏன்? சோதிக்கத் தக்கதாக எழுதப்பட்ட பிழை ஒருவருக்கும் கேடு செய்யாது; அது திருத்தப்படும். சோதிக்கவே இயலாதபடி மங்கலாக எழுதப்பட்டது சரியாயிருந்தாலும் எவருக்கும் உதவாது.

ஆனால் இராமானுஜனுடைய கடிதத்திலும் ஒரு குறை இருந்தது. நிறுவல்கள் இல்லை. ஹார்டி பெப்ரவரி 8ஆம் திகதி எழுதிய மறுமொழியிலே மிக்க ஆர்வம் காட்டி, நிறுவல்களை அனுப்பும்படி வற்புறுத்தினார். 1, 2, 3, 4 என்று எல்லா எண்களையும் முடிவின்றிக் கூட்டினால் −1/12 என்று இராமானுஜன் எழுதியிருந்தார். இதை எந்தச் சிறுவனிடம் சொன்னாலும் சிரிப்பான். இராமானுஜனே தமது இரண்டாவது கடிதத்தில், இதைச் சொன்னால் என்னைப் பைத்தியசாலைக்கு அனுப்புவீர்கள் என்ற கருத்துப்பட எழுதினார். சாதாரணக் கூட்டலின்படி அது பொருளற்றது. கூட்டல் என்ற சொல்லுக்கு விரிந்த வேறொரு பொருள் கொண்டால் அது பொருளுடையது. எந்தப் பொருளிலே சொல்கிறோம் என்று சொல்லாமல் விட்டால், மேதையின் வாக்கும் பித்தனின் வாக்குப்போற் காணப்படும். சொற்களுக்குப் பொருள் வரையறுத்துக் கேட்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று இல்லை.

1914இல் இராமானுஜன் இங்கிலாந்து சென்றதும், 1918இல் ரோயல் சங்கத்தின் அங்கத்தவரானதும், 1920 ஏப்ரல் 26இல் 32 வயதிலே மறைந்ததும் நீங்கள் அறிந்தவையே.

அவர் கடிதம் எழுதியவர் மட்டுமல்லர், கேள்வி கேட்டவருங்கூட. இந்தியக் கணித சங்கம் நடத்திய சஞ்சிகையிலே வாசகர்கள் வினாக்களை வெளியிட்டு, வேறு வாசகர்கள் விடை அனுப்பும் பகுதியொன்று இருந்தது. அதிலே 1911ஆம் ஆண்டு அவர் ஒரு வினாவை வெளியிட்டார். 1 உடன் 2 மடங்கு வர்க்கமூலம். அந்த வர்க்கமூலத்துக்குள் 1 உடன் 3 மடங்கு வர்க்கமூலம். அதற்குள் 1 உடன் 4 மடங்கு வர்க்கமூலம். இப்படியே முடிவின்றிச் செல்லும் கோவையின் வர்க்கமூலம் யாது என்பதே வினா. குறியீட்டில் எழுதினால்,

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

மாதங்கள் சென்றும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. இறுதியில் வினாவியவரே விடையும் சொன்னார். விடை 3. வழி மிகவும் எளிது. 3 என்பது √9. ஒன்பதை 1 + 2×4 என எழுதலாம். 4 என்பது √16. பதினாறை 1 + 3×5 என எழுதலாம். 5 என்பது √25. அதனை 1 + 4×6 என எழுதலாம். இப்படியே உள்ளே உள்ளே சென்றால் வினாவிலுள்ள கோவை வந்துவிடும்.

இப்பொழுது வகுப்பிலே இருவர் இந்த விடையைக் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் எழுந்து, "சேர், எனக்கு விளங்கவில்லை" என்கிறான். ஆசிரியர் என்ன செய்வார்? சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். அவரிற் குற்றமில்லை, எங்கே விளங்கவில்லை என்று அவருக்குத் தெரியாது.

மற்றவன் எழுந்து இப்படிக் கேட்கிறான்: "சேர், 3 என்பதை √(1 + 2×4) என எழுதியது விளங்குகிறது. நான் அதே முறையை 4 இலே செய்து பார்த்தேன். 4 என்பது √16. அதனை 1 + 2×7.5 என எழுதலாம். 7.5 இன் வர்க்கம் 56.25. அதனையும் 1 ஆகவும், ஏதோ ஓர் எண்ணின் 3 மடங்காகவும் பிரிக்கலாம். இப்படியே போனால் விடை 4 என்றும் வருகிறதே. இரண்டும் எப்படிச் சரியாகும்?"

அன்பர்களே, இந்தக் கேள்வியைக் கேட்ட எந்த ஆசிரியரும் மகிழ்ச்சியாற் பூரிப்பார். ஏனெனில் இதிலே எல்லாம் இருக்கின்றன. எதுவரை விளங்கியது என்பது இருக்கிறது. தானே முயன்றது இருக்கிறது. எங்கே தடுக்கிறது என்பது துல்லியமாக இருக்கிறது. கேட்டவன் ஆசிரியரின் விடையிலே உண்மையான ஓர் ஓட்டையையே கண்டுபிடித்துவிட்டான். உள்ளே செல்வது மட்டும் போதாது. உள்ளே எஞ்சியிருக்கும் பகுதி என்னவாகிறது என்றும் பார்க்க வேண்டும். கோவையை முதற் படியிலே வெட்டினால் 1. அடுத்த படியில் √3, அதாவது ஏறக்குறைய 1.73. அதற்கடுத்து 2.24, பின் 2.56, பின் 2.76. இவை ஏறிக்கொண்டே வந்து 3 ஐ நெருங்குகின்றன. 3 ஐத் தாண்டுவதில்லை. 4 இலே தொடங்கிய வழியில் எஞ்சும் பகுதி அளவுகடந்து வளர்கிறது. அதனை வெட்டி எறிய உரிமையில்லை. ஒரு கேள்வியினாலே வகுப்பு முழுவதும் 'எல்லை' என்னும் கருத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறது. முதலாவது பையனும் அறிவிற் குறைந்தவனல்லன். அவனுக்குக் கேட்கும் பழக்கம் இல்லை, அவ்வளவே.

ஆகவே கேட்பவன் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, கேட்பதற்கு முன் முயல வேண்டும். வீட்டு வேலையை அப்படியே ஒருவரிடம் நீட்டி, "இதைச் செய்து தாருங்கள்" என்பது கேள்வியாகாது. அது கூலியில்லா வேலை வாங்குதல். விடை கிடைத்தாலும் கேட்டவனுக்குப் பயனில்லை. பரீட்சை மண்டபத்துக்கு விடை சொன்னவர் கூட வரமாட்டார்.

இரண்டாவது, கேள்வியை முழுமையாகச் சொல்ல வேண்டும். "அந்த முக்கோணிக் கணக்கு" என்றால் எந்த முக்கோணி? தரப்பட்டவை எவை, காண வேண்டியது எது, நிபந்தனை யாது என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கும்படி போலியா என்னும் கணித அறிஞர் 1945இல் வெளியிட்ட தமது பிரசித்தி பெற்ற நூலிலே கற்பித்தார். அவரும் இராமானுஜன் பிறந்த அதே 1887 டிசம்பர் மாதத்தில், அவருக்கு ஒன்பது நாள் முந்தி, புடாபெஸ்ற் நகரிற் பிறந்தவர். இம்மூன்றையும் எழுதத் தொடங்கினாற் பாதி ஐயம் தானாகவே தீர்ந்துவிடும். பல வேளைகளிலே கேள்வியை ஒழுங்காக எழுதி முடிக்கும்போது கேட்க வேண்டிய தேவையே நீங்கிவிடும்.

மூன்றாவது, சிறிய எண்களிலே பரீட்சித்துப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். 1742இலே கோல்ட்பாக் என்பவர் ஒயிலருக்கு எழுதிய கடிதத்தின் பயனாக ஒரு கேள்வி எழுந்தது. இரண்டிற் பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றையும் இரு முதன்மை எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா என்பதே அது. 10 என்பது 3 உம் 7 உம். 100 என்பது 3 உம் 97 உம். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பரீட்சிக்கலாம். ஒயிலர் தமக்கு அதில் ஐயமில்லை, ஆனால் நிறுவ முடியவில்லை என்று மறுமொழி எழுதினார். இன்றைக்கும் நிறுவப்படவில்லை. சுருக்கமாகவும் தெளிவாகவும் கேட்கப்பட்ட கேள்வி இருநூற்றெண்பது ஆண்டுக்கு மேலாக அறிஞர்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பத்தை ஒன்றாகக் கொட்டினாற் பத்தும் பாழாகும். ஐந்தாவது, விடை கிடைத்த பின் மௌனமாகிவிடக் கூடாது. விளங்கியதைத் தன் சொல்லிலே திருப்பிச் சொல்லி, நன்றியும் கூற வேண்டும். விளங்காவிட்டால் எந்த வரியிலே விளங்கவில்லை என்று மீண்டும் கேட்கலாம், அதில் வெட்கமில்லை. ஒரே கேள்வியை நால்வரிடம், ஒருவருக்கொருவர் தெரியாமற் கொடுத்து நால்வரின் பொழுதையும் வீணாக்குவதே வெட்கம்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்திலே கேட்டாற்றான் மதிப்பு என்று சில தம்பிமார் எண்ணுகிறார்கள். 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே தொடங்கிய கலாசாலையிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளை, 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். அவர் தமிழிலே அட்சரகணித நூல் எழுதினார். நூல் எழுதவே போதுமான மொழி கேள்வி கேட்கப் போதாதா? ஐயம் எந்த மொழியிலே தோன்றுகிறதோ அந்த மொழியிலே கேளுங்கள்.

இனிப் பெரியோர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம். சிறியேன் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். கேள்வியை நன்றாகக் கேட்பது ஒருவன் பிறவியிலே கொண்டுவருவதன்று. கேட்டுக் கேட்டே பழக வேண்டும். முதலிற் கேட்கும் கேள்விகள் கோணலாகத்தான் இருக்கும். கோணலான கேள்வியை நேராக்கிக் கொடுப்பதும் விடை கூறுவதில் ஒரு பகுதியே. கோனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒரு முறைக்கு மேற் கடவாமல் நடந்துவர முடியுமா என்ற கேள்வியை, டான்சிக் நகரபிதாவாயிருந்த ஏலர் ஒயிலரிடம் வினவினார். இதற்கும் கணிதத்துக்கும் சம்பந்தம் அதிகமில்லை, இதனை ஒரு கணித வல்லுநரிடம் எதிர்பார்ப்பது ஏன் என்ற கருத்தில் 1736இல் ஒயிலர் மறுமொழி எழுதினார். ஆயினும் அவர் அதனைத் தள்ளிவிடவில்லை. அப்படி நடத்தல் இயலாது என்று தாமே நிறுவினார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் ஒரு கணிதப் பகுதியே அதிலிருந்து வளர்ந்தது. அற்பமாகத் தோன்றும் கேள்வியைப் பற்றி ஒயிலருடைய முதல் எண்ணமே தவறக்கூடுமானால், நாம் ஒரு பிள்ளையின் கேள்வியைக் கேட்டுச் சிரிக்குமுன் ஒரு கணம் நிதானித்தல் நன்று.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஆசிரியருக்கு இழுக்கன்று. "தம்பி, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்ற வார்த்தையைக் கேட்ட பிள்ளை, தன் கேள்விக்கு மதிப்புண்டு என்று அறிந்து வீட்டுக்குப் போகும்.

முடிவாக, இச்சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்க விரும்புகிறேன். அக்காலத்திலே போலந்து தேசத்தைச் சேர்ந்ததாயும், இன்று உக்ரேனைச் சேர்ந்ததாயும் உள்ள லுவோவ் நகரத்திலே ஸ்கொற்றிஷ் கபே என்றொரு தேநீர்க்கடை இருந்தது. பனாக், மசூர், உலாம் முதலிய கணித அறிஞர்கள் அங்கே கூடிப் பேசுவார்கள். மேசையின் பளிங்குக் கல்லிலே பென்சிலாற் கேள்விகளை எழுதுவார்கள். கடைக்காரர் துடைத்துவிட்டால் எல்லாம் போய்விடும். ஆகவே பனாக்கின் மனைவியார் 1935இல் ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுத்தார். கொப்பி கடையிலேயே இருந்தது. வருபவர் கேள்வியை எழுதுவர். விடைக்கு இடம் விட்டு வைப்பர். விடை கண்டவர்க்குப் பரிசும் எழுதிவைப்பர். 1936இல் மசூர் ஒரு கேள்வி எழுதி, விடை சொல்பவருக்கு உயிருள்ள வாத்து ஒன்று தருவதாக வாக்களித்தார். யுத்தம் வந்தது. எத்தனையோ பேர் மாண்டனர். கொப்பி தப்பியது. 1972இல், முப்பத்தாறு ஆண்டு கழித்து, சுவீடன் தேசத்து இளைஞரான என்புளோ அதற்கு விடை கண்டு, மசூரின் கையிலிருந்தே வாத்தைப் பெற்றுக்கொண்டார்.

நமது நூல்நிலையத்திலும் அப்படியொரு கொப்பி வைக்கலாகாதா? இடப்பக்கத்திலே கேள்வி, கேட்பவரின் வகுப்பு, அவர் எதுவரை முயன்றார் என்பது. வலப்பக்கம் விடைக்காக வெறுமையாய் இருக்கட்டும். பெயர் எழுத விரும்பாதவர் எழுத வேண்டாம்; வெட்கத்தாற் கேளாதிருக்கும் பிள்ளைகளுக்கு அது பேருதவி. இளைப்பாறிய ஆசிரியர்கள் இச்சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். பத்திரிகை படிக்க வரும் மாலைகளிலே ஒரு பக்கத்தைப் புரட்டி ஒரு விடை எழுதலாம். சர்வகலாசாலை விடுமுறைக்கு ஊர் வரும் எம்போன்றோர் எஞ்சியவற்றுக்கு எழுதுவோம். நான் முதலாவது ஆளாக என் பெயரைத் தருகிறேன். செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும், அதனை மேசையோடு கட்டிவைக்க ஒரு நூலும். வாத்துக்கு வழியில்லாவிட்டாலும், நல்ல விடைக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்கச் சங்கத்துக்கு வசதியுண்டென்று பொருளாளர் தலையசைக்கிறார்.

அந்தச் சிறுமிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம் கடந்துவிட்டது. அதனை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் இன்றைக்கும் ஏதோ ஒரு வகுப்பிலே யாரோ ஒரு பிள்ளை கையை உயர்த்துவதா விடுவதா என்று தயங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கை உயர்வதற்கு நாம் துணை நிற்போமாக.

உங்களுக்கு ஐயமிருந்தாற் கேளுங்கள், காத்திருக்கிறேன்.